காது வெட்டிய கடா

மணி பதினொன்றே முக்கால். உடுமலையிலிருந்து அமராவதி அணைக்குப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு... ஒரு விளக்கு கிடையாது. ஒரே ஒரு குட்டியானை வண்டி போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர் தேவானந்தம், என்னோடு வேலை பார்க்கும் ஜேக்கின் பெரியப்பா. பக்கத்தில் தூங்குவது அவர் மகள் ஃபெமினா, ஒன்பது வயது. பின்னால் ஒரு போசி நிறையக் கறிக்குழம்பு.

அது என்ன கறி என்று சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் இந்தப் பிள்ளைக்கு டெங்கு. டாக்டர் கையை விரித்துவிட்டார். தேவானந்தம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மண்டியிட்டு அழுதார். "ஆண்டவரே, புள்ளயக் குடுங்க. எங்கூட்டுக் கருப்புக் கடாவத் திருநாளுக்குத் தந்துபோடறனுங்க."

பிள்ளை பிழைத்தது. வீட்டுக்கு வந்ததும் கடாவின் இடது காதில் ஒரு துண்டு வெட்டினார். அந்தப் பக்கத்து அந்தோணியார் கோயிலில் அதுதான் வழக்கம். காது வெட்டிவிட்டால் அது ஆண்டவருடைய ஆடு.

கடா வளர்ந்தது. பார்த்தவர்களெல்லாம் இனவிருத்திக்குப் பொலிக்கடாவாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டது. ஆறு கடக்கிறவரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ... ஆண்டவரிடமும் அதே கணக்குத்தான்.

திருநாளுக்கு முந்தின நாள், பட்டியில் வேறொரு கருப்பாடு வயிறு உப்பிச் செத்தது. ராவெல்லாம் கிடந்து நாறியதை விடிகாலையில் உரித்தார். மஞ்சள் பூசிக் கழுவினார். அந்தச் செத்த ஆட்டின் காதிலும் அதே இடத்தில் ஒரு துண்டு வெட்டினார். கோயிலில் ஆட்டுத் தலையைக் காட்டினால் போதும், காதைப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள்.

வாங்கினார்கள். சமைத்தார்கள். ஊரே உட்கார்ந்து தின்றது. இவர் மட்டும் வயிறு சரியில்லை என்று மோர் குடித்தார். மகளையும் தொட விடவில்லை. என்ன ஜென்மமோ... நேர்ந்தவர் பங்கு என்று ஒரு போசி கொடுத்தனுப்பினார்கள்.

அந்தப் போசிதான் பின்னால் இருக்கிறது.

டக்... டக்...

வண்டித் தகரத்தில் குளம்புச் சத்தம். நிறுத்தினார். இறங்கிப் பார்த்தார். போசி மட்டும்... துணி கட்டியபடியே இருந்தது. மறுபடி கிளம்பினார். இப்போது நாற்றம். நனைந்த ஆட்டு மயிர், அழுகின குடல்... கண்ணாடியை இறக்கியும் போகவில்லை.

குளம்புச் சத்தம் நின்றது. வண்டிக்குள் வேறு சத்தம். அரக்... அரக்... அசைபோடுகிற சத்தம்.

ஃபெமினாவின் தாடை பக்கவாட்டில் அசைந்துகொண்டிருந்தது.

"என்ன கண்ணு திங்கறே?"

"ஒண்ணுமில்லீங்கப்பா."

கண்ணைத் திறக்கவில்லை. தாடை நிற்கவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக மகளையும் கருப்புக் கடாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அற்புதம் கடாவின் இடது காதைத் தடவினார். வலது காதைத் தடவினார்.

"ஏனுங்க, இது நேந்துவிட்ட கடா இல்லீங்களே. ரெண்டு காதும் முழுசா இருக்குதுங்க."

தேவானந்தம் குனிந்து, தன் கையால் வெட்டின இடது காதைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஃபெமினா முடியை இழுத்து இடது காதை மூடிக்கொண்டாள்.

உபதேசியார் மெல்ல அதை ஒதுக்கினார். காதில் ஒரு துண்டு இல்லை. ரத்தமும் இல்லை... ஆறின தழும்பு. பார்த்தால் ஒரு வருஷத்துப் பழசு.