பதினொரு அடுக்குக் கிறிஸ்துமஸ் மரம்

காபியைக் குடியுங்கள் சார், ஆறிவிடும். வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்குப் போயிருக்கிறார். இரண்டு மணிக்கு மேல்தான் வருவார். நீங்கள் செடி டாக்டர் என்பதால் உங்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் இரண்டு தொட்டிகள். ஒன்று அவருடைய கிறிஸ்துமஸ் மரம். ஊசியிலை மரம், பூக்காது. வயதானால் கூம்பு விடுமாம். இன்னொன்று என் செங்காந்தள். மழை விழுந்ததும் கிழங்கிலிருந்து முளைத்து, இலை நுனியாலேயே கம்பியைப் பிடித்து ஏறிப் பூக்கும். இரண்டுமே அருகிவரும் இனம் என்று டவுன்ஷிப் மலர்க் கண்காட்சியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். முதல் பரிசு மரத்துக்கு. எனக்கு அதில் வருத்தமில்லை.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னார்: "இதுக்குச் சொந்த ஊரு கடலுக்கு நடுவுல ஒரே ஒரு தீவுங்க. காந்தள் இன்னா, வேலியில தானா மொளைக்கிற கொடிதான?"

"ஏங்க, கெழங்குக்காகத் தோண்டித் தோண்டி இப்ப காட்டுலயே காணோமாம். நம்ம மாநிலப் பூவுங்க," என்றேன்.

"பேசாம இரு தனகோடி. சாமி மாதிரி மரத்தையும் இதையும் ஒண்ணா வச்சிப் பேசிக்கினு."

பேசாமல் இருந்தேன். இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அந்த மரம் அடுக்கடுக்காகக் கிளை விடும். பதினொரு அடுக்கு. வாராவாரம் திங்கட்கிழமை அவர் கிளம்பியதும், முருங்கைக்காய் நறுக்கும் கத்தியால் கீழ் அடுக்கு ஒன்றை எடுத்துவிடுவேன். வெட்டிய இடத்தில் மஞ்சள் தடவுவேன். அதற்கும் வலிக்கும் அல்லவா.

முதல் வாரம் அவர் கவனிக்கவில்லை. மூன்றாம் வாரம் டேப் வைத்து அளந்தார். ஐந்தாம் வாரம் சோறு இறங்கவில்லை. "மரம் கீழருந்து கரைஞ்சிக்கினே போவுது தனகோடி," என்றார். தலையைத் தடவிக் கொடுத்தேன். மந்தாரக்குப்பத்திலிருந்து மண்புழு உரம் வாங்கி வந்தார். காந்தளுக்கு அது நன்றாகச் சேர்ந்தது. எட்டாம் வாரம் திங்கட்கிழமை லீவு போட்டு மரத்துக்குக் காவல் இருந்தார். ஒன்றும் ஆகவில்லை. முகத்தில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. செவ்வாய்க்கிழமை வெட்டினேன்.

இப்போது உச்சியில் ஒரே ஒரு அடுக்கு. பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நிற்கிறது. நேற்று மதியம் தட்டை எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

அவர் போட்ட மனுவைப் பார்த்துத்தான் நீங்கள் வந்தீர்கள். இது தொற்றுநோய், பக்கத்துத் தொட்டியையும் சேர்த்துக் கொளுத்த வேண்டும் என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன். நோய் எதுவும் இல்லை. தண்டில் நீங்கள் பூஞ்சை என்று குறித்தது நான் தடவிய மஞ்சள். பத்து அடுக்கையும் எடுத்தது நான்தான். தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள். காந்தள் என்ன பாவம் செய்தது?

அவரிடம் சொல்லிவிடாதீர்கள் சார், தாங்கமாட்டார். அவர் மனசு நோகிற மாதிரி நான் எதுவும் செய்ததில்லை. இப்போதுதான் கொஞ்சம் தேறி, அடுத்து லவ் பேர்ட்ஸ் வளர்க்கலாம் என்கிறார். எனக்கும் பறவைகள் என்றால் உயிர்.

ஒரு பறவைக்கு எத்தனை இறகு இருக்கும் சார்?