ஒன்பதாம் பக்கம்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் தில்லைநாதன் அவர்களே, துயரோடு துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்திருக்கும் கலாநிதியின் துணைவியார் உதயகுமாரி அக்கா அவர்களே, அவர்களின் மகள் துஷ்யா, ஒஸ்லோவின் குரோருட், ரொம்சோஸ் பகுதி உறவுகளே, தலை தாழ்த்தி வணங்குகிறேன். நான் யோகராசா. நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்த மன்றத்தின் செயலாளராக இருந்தவன்.

மறைந்த பொருளியல் அறிஞர் கலாநிதி அருளானந்தன் அவர்களைப் புகழ்ந்து பேச அழைத்திருக்கிறீர்கள். புகழலாம். இருபது ஆண்டுகள் ஆபிரிக்க வறுமையை ஆராய்ந்தவர். மழை பொய்த்ததால் மட்டும் பட்டினி வருவதில்லை, ஆள்பவனைக் கேள்வி கேட்டவரை அடித்து நொறுக்குவதாலும் வருகிறது என்று எழுதியவர். ஆனால் நேற்று துஷ்யா தொலைபேசியில் என்னைக் கேட்டாள். "அப்பாவின்ரை கை எப்பிடி முறிஞ்சது? ஒஸ்லோவிலை பனியிலை வழுக்கி விழுந்தனான் எண்டுதான் சொன்னவர். அண்டைக்கு அவர் பேசின கூட்டத்தை நீங்கள்தானே வைச்சனீங்கள்?"

அதற்குப் பதில் சொல்லாமல் நான் எதைப் புகழ்வது?

2003 தை மாதம். இதே மண்டபம். ஈழத்தில் போர்நிறுத்தம், இங்கே எதைப் பேசினாலும் சண்டை. "ஆபிரிக்கா எண்டால் ஒரு கரைச்சலும் இல்லை" என்று சொல்லி அவரை அழைத்தவன் நான்தான்.

அவர் ஓர் ஆபிரிக்கச் சந்தையைப் பற்றி வாசித்தார். விடுதலைக்குப் போராடியவர்கள் ஆளும் ஊர். வெட்டித் தருவதாகச் சொன்ன கிணறு எங்கே என்று கேட்ட மீன்காரியைத் துவக்குப் பிடியால் அடித்து, அவள் கடையைக் கொளுத்தினார்கள். அவளைத் துரோகி என்று முதலில் சொன்னவன் அவளுடைய தம்பி. எங்கள் பெயரை அவர் சொன்னாரா? இல்லை. நாங்களாகவே எங்களைக் கண்டுகொண்டோம். "ஆரைச் சொல்லுறாய்?" என்று ஒரு குரல். பிறகு கதிரைகள் பறந்தன. மூக்கிலிருந்து இரத்தம் ஒழுக ஒழுக அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பிடிவாதம்தான் எனக்கு விசரைக் கிளப்பியது. இரும்புக் கதிரையை மடித்து, தாளைப் பிடித்திருந்த கையில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் ஒலிவாங்கியில் கேட்டது.

துஷ்யா, பனி இல்லை. நான்தான்.

பொலிசுக்கும் அவர் பனி என்றே சொன்னார். மறு வருடம் ரயிலில் கண்டபோது, "அடிச்சது போகட்டும், யோகராசா. ஒரு கேள்வி கேட்டிட்டு அடிச்சிருக்கலாம்" என்று சிரித்தார். செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. அன்றும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சிதறிய தாள்களை அன்று எரிக்கத்தான் பொறுக்கினேன். எரிக்காமல் வாசித்தேன். நாங்கள் அவரை நிறுத்தியது எட்டாம் பக்கத்தில். ஒன்பதாம் பக்கத்தில் அந்த மீன்காரி, தலையில் கட்டோடு மறுவாரமும் வந்து அதே கேள்வியைக் கேட்கிறாள். இந்த முறை நாற்பது பெண்கள் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். சீர்திருத்தம் என்பது இதுதான் என்று எழுதியிருக்கிறார். அன்று இங்கே அறுபது பேர் இருந்தோம். அவருக்குப் பக்கத்தில் யார் நின்றோம்? நான்கு வருடமாக யார் வாய் திறந்தோம்?

கலாநிதி அவர்களே, உங்கள் பணியைத் தொடர்வேன் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? ஒன்றை மட்டும் உறுதி சொல்கிறேன். இந்த மன்றத்தில் இனி யார் கேள்வி கேட்டாலும், அது எனக்குப் பிடிக்காத கேள்வியானாலும், அவர்மேல் விழும் அடி முதலில் என்மேல் விழட்டும்.

கூட்டம் முடிந்ததும் நானே பொலிசுக்குப் போகிறேன். இப்போது மிச்சப் பக்கங்களை வாசிக்கப் போகிறேன். வாசித்து முடிந்ததும் கேள்வி நேரம். முதலில் துஷ்யா கேட்கட்டும்.