அக்காவின் தளத்துக்கு விலை கேட்டவர் மேடையில் இருக்கிறார்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் செவிலியர்களே, ஆசிரியர்களே, மருந்துக்கடைக்காரர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம். மேடையில் ஒருவருக்கு மட்டும் வணக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

நம் மருத்துவமனையின் தலைமை மருந்தாளர், நாமெல்லாம் ‘முதலுதவி அக்கா’ என்று அழைத்த அம்மையார், போய்விட்டார். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது? அதைச் சொல்லும் இணையதளத்தைத் தனியாளாக நடத்தினார். பெற்றவர்கள் பதறிப்போய்த் தேடினால் அவர் தளம்தானே முதலில் வந்து நின்றது! எப்படி வந்தது? விளம்பரத்தாலா? இல்லை! மருத்துவமனைகளும் பள்ளிகளும் தங்கள் தளங்களிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுத்தன. ஒவ்வொரு இணைப்பையும் தேடுபொறி ஒரு நற்சான்றாக எடுத்துக்கொள்கிறது. பலர் நம்பும் இடத்திலிருந்து வந்தால் எடை கூடுதல். “நீங்களே நாலு பேர்கிட்ட இணைப்புக் கேளுங்களேன் அக்கா” என்றேன் ஒருமுறை. “படிச்சுப் பார்த்துட்டுக் கொடுக்கணும்னு தோணினா கொடுக்கட்டும். கேட்டு வாங்கினா அது சிபாரிசு” என்றார், மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே.

இப்போது மேடையில் சோகமாக உட்கார்ந்திருக்கிறாரே, இந்த இணைப்பு வியாபாரி! ஆள் நடமாட்டமே இல்லாத தளங்களைக் கட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இணைப்புப் போட்டு விற்கிறவர்! அக்கா இருந்தவரை அவருக்கு ஓர் இணைப்பாவது கொடுத்தாரா? தகனம் முடிந்து திரும்பிய வண்டியிலேயே அக்காவின் கணவரிடம், “அண்ணே, இனிமே அதை யாரு பார்த்துக்கப் போறா? விலையைச் சொல்லுங்க, என்கிட்ட கொடுத்துடுங்க” என்றாராம். எதற்கு? முதலுதவிக்கா? சூதாட்ட விளம்பரத்துக்கு! பழைய இணைப்புகள் அப்படியே இருக்கும், தேடுபொறி கொஞ்ச காலமாவது ஏமாறும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தேடும் தாயின் கண்முன் சீட்டுக்கட்டு விரியும்! வெட்கமாக இல்லையா ஐயா?

அண்ணா, நீங்கள் இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். உங்கள் சோர்வு எனக்குப் புரிகிறது. தளத்தை எங்களிடம் விடுங்கள். செவிலியர்கள் நாங்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். மருத்துவர்களிடம் கேட்காமல் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டோம். இது அக்காவின் மேல் ஆணை!

விற்றுவிட்டாலோ? நம் மருத்துவமனைத் தளத்திலிருந்து அக்காவின் தளத்துக்கு முதல் இணைப்பைப் போட்டவள் நான். அன்றைக்கே அதை எடுத்துவிடுவேன். நீங்களும் எடுப்பீர்களா?

“எடுப்போம்!” கேட்டதா வியாபாரி ஐயா? அப்புறம் உங்கள் கையில் மிஞ்சுவது வெறும் பெயர்தான். அழுதுகொண்டுதான் எடுப்போம். ஆனால் எடுப்போம்!