என் இடத்தில் ஆடியவன்

மேடையில் அமர்ந்திருக்கும் கழகத் தலைவர் அவர்களே, எங்கள் பயிற்சியாளர் அவர்களே, களத்தில் எங்களை உதைத்தும் எங்களிடம் உதை வாங்கியும் பழகி, இன்று எங்களோடு தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, வெயிலானாலும் மழையானாலும் கிழக்குப் பக்கப் படிகளை விட்டு நகராத ரசிகப் பெருமக்களே! முதல் வரிசையில் இருக்கிற, நாம் பறிகொடுத்தவனின் அப்பா, அம்மா, அக்கா! உங்கள் மூவரையும் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

என்னை எதற்காகப் பேச அழைத்தார்கள் என்று உங்களில் பலர் யோசிப்பீர்கள். நானும் யோசித்தேன். மூன்று நாளைக்கு முன் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டு, "அவன்கூட முன்வரிசையில ஆடினது நீதான். நீ பேசினாத்தான் சரியா இருக்கும்" என்றார்.

"வேற யாரையாவது கேளுங்க சார்" என்றேன்.

"ஏன்?"

"எனக்கு அவனைப் பிடிக்காது சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது ஊருக்கே தெரியும். நீ பேசு" என்றார்.

ஆகவே பேசுகிறேன். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல வேண்டும் என்பார்கள். அவனைப் பற்றி நல்லதை மட்டுமே சொல்லப்போகிறேன். என்னைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியாது.

நம் முன்கள வீரன், எதிரணிகளின் தூக்கத்தைக் கெடுத்தவன், இருபது வயதில் போய்விட்ட நம் 'ஊசி'! அந்தப் பெயரை வைத்தது நம் கோல்கீப்பர். ஊசி அணிக்கு வந்த முதல் வாரம், பயிற்சியில் இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே ஒரு ஆள் நுழைய இடமே இல்லாத சந்தில் புகுந்து கோல் போட்டான். "குத்தினதே தெரியல, நூல் அந்தப் பக்கம் போயிடுச்சு!" என்று கோல்கீப்பர் வலைக்குள் உட்கார்ந்தபடியே கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் காலணிக்குள் ஏதோ உறுத்துவது போல் இருந்தது. குனிந்து பார்த்தால் ஒன்றுமில்லை.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. ஏழு ஆண்டுகளாக அந்த இடம் என்னுடையது. அவனுக்குப் பதினெட்டு.

அவன் அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, நம் பயிற்சி மைதானத்தின் மதில் ஓரமாகத்தான் அவருடைய பேருந்து போகும். ஒவ்வொரு காலையும் பத்தேகாலுக்கு அந்தப் பேருந்து நிறுத்தமே இல்லாத இடத்தில் நிற்கும். ஓட்டுநர் இருக்கையின் உயரத்திலிருந்து பார்த்தால் மதிலுக்கு மேலே மைதானம் தெரியும். உள்ளே பயணிகள், "யோவ், வண்டி கெட்டுப்போச்சா?" என்று சத்தம் போடுவார்கள். "ஒரு நிமிஷம் பொறுங்க, என் பையன் பந்தை வாங்கிட்டான்!" என்று இவர் சொல்வார். கொஞ்ச நாளில் பயணிகளும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்புறம் அவன் கோல் போட்டால் பேருந்தே ஹாரன் அடிக்கும்! அப்பா, நான் போட்ட கோலுக்கு நீங்கள் ஒரு தரம்கூட ஹாரன் அடித்ததில்லை. அடிக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும், ஒவ்வொரு முறையும் நான் மதில் பக்கம் காது கொடுத்துக் காத்திருந்தேன்.

அவனுடைய முதல் ஆட்டம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அறுபத்திரண்டாவது நிமிடம் என் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. பலகையில் என் எண் சிவப்பிலும் அவன் எண் பச்சையிலும் எரிந்தன. நான் நொண்டிக்கொண்டு வெளியே வந்தேன், அவன் துள்ளிக்கொண்டு உள்ளே போனான். தொடையில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஐஸ் சில்லிடுவதற்குள், முதல் தொடுதலிலேயே, கோல்!

மைதானமே எழுந்து நின்றது. நானும் எழுந்து நின்றேன். மறுநாள் செய்தித்தாளில் அந்தப் படம் வந்தது. "வலியிலும் எழுந்து நின்று இளம் வீரனை வாழ்த்தும் மூத்த வீரர்" என்று கீழே எழுதியிருந்தார்கள். அந்தப் படத்தைப் பத்திரப்படுத்தியிருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாழ்த்துவதற்கா எழுந்தேன்? அந்தக் கோல் செல்லாது என்று ஆஃப்சைடு கொடி உயர்ந்ததா என்று பார்ப்பதற்கு எழுந்தேன்! கொடி உயரவில்லை.

தசை மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. இடம் திரும்பவில்லை. பதினோரு ஆட்டங்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனின் வேலை என்ன தெரியுமா? கைதட்டுவது. உள்ளங்கை தட்டும், உள்மனம் வேறொன்றைக் கேட்கும். அவன் பந்தோடு ஓடும்போதெல்லாம், 'கம்பத்தில் படு, கம்பத்தில் படு' என்று வேண்டியிருக்கிறேன். இரண்டு முறை கம்பத்தில் பட்டது. வேண்டுதல் பலித்ததே என்று அன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டேன். என் மனைவி கேட்டாள்: "நம்ம டீம் தோத்துப்போச்சாமே, நீங்க என்ன இவ்வளவு உற்சாகமா இருக்கீங்க?"

வயிற்றெரிச்சல், வயிற்றெரிச்சல் என்கிறோமே, அது வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன். உண்மையாகவே எரியும் ஐயா! மாத்திரை வாங்கிப் போட்டேன். அடங்கவில்லை.

அடுத்த பருவத்தில் பயிற்சியாளர் எங்கள் இருவரையும் சேர்த்து முன்னால் நிறுத்தினார். மூன்றாவது ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று சமநிலை. கடைசி நிமிடம். பந்து என் காலில். எதிரே கோல்கீப்பர் என்னை நோக்கி வந்துவிட்டார். வலப்பக்கம் ஊசி தன்னந்தனியாக, திறந்த கோலுக்கு முன்னால். தள்ளிவிட்டால் போதும், ஒரு குழந்தைகூட உள்ளே உருட்டிவிடும். "அண்ணே!" என்று கத்தினான். நான் கொடுக்கவில்லை. நானே அடித்தேன். பந்து விளம்பரப் பலகைக்கு மேலே போய்விட்டது.

உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் என்னிடம் வந்தார். "அவன் தனியா நின்னான். பார்க்கலையா நீ?"

"பார்க்கலை சார்."

"அவன் கூப்பிடவே இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள், காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்த ஊசி தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "நான் கூப்பிடலை சார். என் தப்பு."

ஐயா பயிற்சியாளர் அவர்களே, இத்தனை பேர் முன்னால் இன்று சொல்கிறேன். பார்த்தேன். அவன் கூப்பிட்டது மைதானத்துக்கு வெளியே பலூன் விற்றவருக்கே கேட்டிருக்கும். நான் பொய் சொன்னேன். என் பொய்க்காக அவனும் ஒரு பொய் சொன்னான்.

வாகனம் நிறுத்துமிடத்தில் அவனை வழிமறித்தேன். "எதுக்குடா எனக்காகப் பொய் சொன்ன? பெரிய மனுஷன் ஆகணுமா?"

அவன் என்ன சொல்லியிருப்பான் என்று நினைக்கிறீர்கள்? 'உங்கள் மேல் உள்ள மரியாதை' என்றா? அப்படிச் சொல்லியிருந்தால் அன்றே அவனை மன்னித்து மறந்திருப்பேன். அவன் சொன்னான்: "உங்களுக்காக யாருண்ணே சொன்னது? உண்மையைச் சொன்னா அடுத்த மேட்ச்ல உங்களை உக்கார வெச்சிடுவாரு. எதிரணி டிஃபென்ஸ்ல நிக்கற ரெண்டு குண்டன்களையும் நீங்க உங்க பக்கம் இழுத்துட்டுப் போறதாலதான் எனக்கு இடமே கிடைக்குது. நீங்க இல்லேன்னா அவங்க என்னைத் தின்னுடுவாங்க."

பத்தொன்பது வயது! கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்க்கிற அந்தக் கண் எனக்கு இருபத்தேழு வயதிலும் வரவில்லை. அன்றைக்கு அவன் காலைப் பார்த்துப் பொறாமைப்படுவதை விட்டேன். தலையைப் பார்த்துப் பொறாமைப்பட ஆரம்பித்தேன்.

என்னிடம் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. தலையால் அடிப்பது. அதில் அவன் என்னை எட்டவே முடியாது. என் தோள் உயரம்தான் இருந்தான். ஒருநாள் கேட்டான்: "அண்ணே, எப்படி எல்லாருக்கும் முன்னாடி எகிறிடறீங்க?" "எல்லாம் உயரம்தான் தம்பி. உனக்கு வராது" என்றேன். அதுவும் பொய். உயரமில்லை. கார்னரிலிருந்து பந்தை உதைப்பவனின் இடுப்பைப் பார்க்க வேண்டும். இடுப்பு திரும்புகிற திசையிலும் வேகத்திலும் பந்து எங்கே விழும் என்பது தெரிந்துவிடும். மற்றவர்கள் பந்து கிளம்பியபின் ஓடுவார்கள். நான் கிளம்புமுன்பே போய் நிற்பேன். பத்து வருடம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

போன மாதம் கோப்பைப் போட்டியின் அரையிறுதி. எண்பத்தெட்டாவது நிமிடம் கார்னர். நான் தூரத்துக் கம்பத்தில் என் இடத்துக்கு ஓடுகிறேன். அங்கே ஏற்கெனவே ஒருவன் நிற்கிறான்! ஊசி! அவனைவிட ஒரு தலை உயரமான தடுப்பாட்டக்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் எகிறி, நெற்றியால் அடித்து, வலைக்குள். ஊர் முழுக்க அதிர்ஷ்டம் என்றது. அது அதிர்ஷ்டமில்லை என்று அந்த மைதானத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். எல்லோரும் அவன்மேல் விழுந்து கட்டிக்கொண்டார்கள். நானும் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டு காதில் கேட்டேன்: "யார்றா சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் சொல்லலண்ணே. நீங்கதான் சொல்லமாட்டேன்னுட்டீங்களே!" என்று சிரித்தான்.

அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி. பயிற்சி முடியப்போகிற நேரம். யாரும் அவனைத் தொடவில்லை. நடந்து வந்துகொண்டிருந்தவன் அப்படியே முழங்காலில் விழுந்து, முகம் புல்லில் பட, சாய்ந்தான். விளையாட்டுக்குச் செய்கிறான் என்று நினைத்தோம். பக்கத்தில் இருந்தது நான்தான். புரட்டிப் போட்டேன். மூச்சில்லை.

போன வருடம் எங்களுக்கு ஒருநாள் முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள். ரப்பர் பொம்மையின் மார்பை நான் அழுத்தியபோது, "அண்ணே, மெதுவா! பொம்மைக்கே மூச்சு முட்டுது!" என்று இவன்தான் கிண்டலடித்தான். அன்று அவன் மார்பையே அழுத்தினேன். அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். இவன் ஒருநாள் ஆடாமல் நிற்க மாட்டானா என்று இரண்டு வருடமாக ஏங்கிய இந்தக் கை, 'ஆடுடா, எழுந்து ஆடுடா' என்று அழுத்தியது. அம்மா! நான் வேண்டிக்கொண்டதெல்லாம் கம்பத்தில் படவேண்டும் என்றுதான். இதை நான் கேட்கவே இல்லை அம்மா. சத்தியமாகக் கேட்கவில்லை.

நின்ற இதயத்தை மின்சாரத்தால் உலுக்கி எழுப்பும் இயந்திரம் ஒன்று நம் கழகத்தில் இருந்தது. அலுவலக அலமாரியில் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் வெளியே போயிருந்தார். கதவை உடைத்து எடுத்து வருவதற்குள் ஒன்பது நிமிடம். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று மருத்துவரைக் கேட்டோம். "சொல்ல முடியாது" என்றார். இருதயத்திலேயே பிறவிக் கோளாறாம். சொல்ல முடியாது என்கிற அந்த இரண்டு வார்த்தையோடு அவனைப் பெற்றவர்கள் மிச்ச நாளெல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும்.

தலைவர் அவர்களே, அந்த இயந்திரத்தை நேற்று மைதானத்துச் சுவரில் மாட்டினீர்கள். நன்றி. ஆனால் காலையில் போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டிக்கும் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள்! திருட்டுப் போய்விடும் என்றார்கள். போகட்டுமே! திருடுகிறவன் யாரோ ஒருவனைப் பிழைக்க வைக்கவாவது எடுத்துப் போகட்டும்! இந்தக் கூட்டம் முடிவதற்குள்... பின்வரிசையில் நம் புல்வெட்டும் அண்ணன் எழுந்துவிட்டார். போங்கள் அண்ணா. சாவியெல்லாம் தேடவேண்டாம். சுத்தியல் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

அணியில் ஒவ்வொருவருக்கும் வருடாவருடம் இருதயப் பரிசோதனை செய்யப்படும் என்று தலைவர் சற்று முன் வாக்களித்தார். அதை நடத்திவைக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். பரிசோதிக்காத எவனோடும் நான் களம் இறங்க மாட்டேன். ஊசியின் பேரால் இது என் உறுதி.

முந்தாநாள் அவனுடைய சாமான்களை எடுத்துப்போக அக்கா வந்திருந்தார். அவனுடைய கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "இது நீங்கதானே?"

நான்தான். கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்த வீடியோக்கள். நான் எகிறுவது, விழுவது, மறுபடி எகிறுவது. நாற்பது, ஐம்பது இருக்கும். பின்னணியில் அவன் குரல், தனக்குத்தானே முணுமுணுக்கிறது: "எப்படிடா இந்த ஆளு... பந்தைப் பார்க்கவே இல்ல... இடுப்பு! உதைக்கிறவன் இடுப்பைப் பார்க்கறாரு!"

"வீட்டுல நாள் பூரா இதைத்தான் பார்ப்பான்" என்றார் அக்கா. "என்னடா பார்க்கறேன்னு அம்மா கேட்டா, எதிரியை வேவு பார்க்கறேன்னு சொல்லுவான். 'எனக்கு மட்டும் அந்த ஆளு மாதிரி எகிற வந்துச்சுன்னா'ன்னு பல்லைக் கடிப்பான். உங்க பேரை எடுத்தாலே அவனுக்கு எரியும்."

எரிந்திருக்கிறது! அவனுக்கும் எரிந்திருக்கிறது! அவையோரே, இறந்துபோன ஒருவனின் அக்கா முன்னால் நின்றுகொண்டு நான் மகிழ்ந்தேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்றில்லை.

கடைசியாக ஒன்று. இந்தப் பருவத்தில் அவன் போட்டது பதினான்கு கோல். நான் பன்னிரண்டு. லீகில் இன்னும் ஏழு ஆட்டங்கள் இருக்கின்றன. அதிகக் கோல் போட்டவருக்கான விருது பதினான்கிலேயே நிற்கட்டும், அவன் பெயரிலேயே இருக்கட்டும், நீ கொஞ்சம் விட்டுக்கொடு என்று நண்பர்கள் இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். நானும் ஒருநாள் முழுக்க யோசித்தேன்.

விட்டுக்கொடுக்க மாட்டேன். அவனுக்கு உயிர் இருந்தவரை யாரும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் கொடுத்ததே இல்லை. அவனுடைய பதினான்கும் எதிரியிடமிருந்து பிடுங்கியவை. செத்தபின் அவனுக்கு இனாமாக ஒன்றைக் கொடுத்து அவனை நான் அவமானப்படுத்த மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை களம் இறங்குகிறேன். பதினைந்தாவது கோலுக்காக ஓடுகிறேன். முந்தினால் முந்துகிறேன். முந்த முடியாமல் போனால், அவன் என்னைவிடப் பெரிய ஆட்டக்காரன் என்று நீங்கள் சொல்லுங்கள். நான் அப்போதும் சொல்ல மாட்டேன்.

வணக்கம்.