நூர்முகமதுவின் பாட்டில்

எனக்குக் காலையில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. வார்டன் ஐயா, இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்; பசி குறைவது ஏழு நோய்களுக்கு அறிகுறி.

போன வருஷம், 1974 ஆடியில், என் இடது பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. பிறகு நெஞ்சு படபடத்தது. பிறகு இமை துடித்தது. செங்கல்பட்டில் மூன்று டாக்டர்கள், கூடுவாஞ்சேரியில் ஒருவர். நால்வரும் கண்டுபிடித்தது, ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததற்கு மருந்துக் கடையில் மாத்திரை கிடையாது. அதுதான் அதன் கொடுமை.

என் அறைத் தோழன் நூர்முகமது, கோவளத்துக்காரன். ஆறு பரோட்டா தின்றுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்புவதற்குள் தூங்கிவிடுவான். நான் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சிரிப்பான்.

“இன்னா மச்சான், இன்னும் ஓடுதா? நின்னா சொல்லு. உனுக்கு ஒண்ணும் இல்லடா, சும்மா பயந்துகினு கீறே. வா, நாஸ்தா துன்னலாம்.”

அவனை நான் வெறுக்கவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டிலில் அவ்வளவு ஆரோக்கியம் கிடந்தால் யாருக்குத்தான் உடம்பு தேறும்?

அப்போது அவனுக்கு அரசாங்க குமாஸ்தா வேலை வந்தது. டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் வேலை. வேலை கிடைத்தால் மாமன் மகள் ஜஹனாராவோடு நிக்காஹ். சிறுநீரைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். நூர் ஒரு காலி இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி, நிரப்பி, ஜன்னலில் வைத்துவிட்டுப் பாடிக்கொண்டே குளிக்கப் போனான்.

நான் அதில் இரண்டு கரண்டி குளுக்கோஸ் போட்டுக் கலக்கினேன். சர்க்கரையும் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் டீயில் போடும் சர்க்கரைக்கெல்லாம், சிறுநீரில் சர்க்கரை பார்க்க டாக்டர் ஊற்றும் நீலத் திரவம் மசியாது. இரண்டாம் வருஷத்திலேயே இதைக் கற்றுக்கொடுத்த நம் வேதியியல் துறைக்கு நன்றி.

டாக்டர் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. “சர்க்கரை வியாதி,” என்றார். துணைக்குப் போயிருந்த என் பக்கத்தில் நூர் பெஞ்சில் உட்கார்ந்தான்.

“மச்சான், காலு மரத்துகினு வருதுடா,” என்றான்.

அந்த நொடியில் என் கால் சரியாகிவிட்டது.

அந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்வேன். மாமல்லபுரம் பஸ் பிடித்துப் போய், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையோரம் ஓடினேன். ஆறு பஜ்ஜி தின்றேன். ஒரு சிற்பப் பட்டறை வாசலில் பாதி செதுக்கிய யானையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். சிற்பி உளியை ஓங்கினார், அவருக்கும் கொடுத்தேன்.

பிறகு மாதாமாதம் பாட்டிலைச் சுமந்துபோனது நான்தான். நோயாளியை அலைய விடலாமா? மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்ததும், ஒரு லட்டைக்கூட அவன் தொடாமல் காவல் காத்ததும் நானே. குமாஸ்தா நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்தான். ஜஹனாராவின் வாப்பா ‘பார்க்கலாம்’ என்றார். இல்லாத வியாதிக்குத் தின்ற மாத்திரையால் நூருக்கு வியர்த்தது, கை நடுங்கியது. அவன் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை கோவளத்தில் படகிலிருந்து மயங்கிக் கடலில் விழுந்தான். மீன்காரர்கள் தூக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள். அதை என்னிடம் கொடுத்தனுப்பவில்லை. சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. கண் விழித்ததும் நூர் என்னைப் பார்த்து, “வரதா, நீ நாஸ்தா துன்னியாடா?” என்றான். இத்தனை நாள் பாட்டிலைக் கொண்டுபோனது யார் என்று டாக்டர் கேட்டது அப்போதுதான்.

ஆமாம் ஐயா, ஒவ்வொரு பாட்டிலிலும் நான்தான் கலந்தேன். இனி மாட்டேன், எனக்குத்தான் பூரணமாகக் குணமாகிவிட்டதே. நூர் பிழைத்துக்கொள்வான் என்று கேள்விப்பட்டதிலிருந்து பாதம் லேசாக மரக்கிறது, அவ்வளவுதான்.

அது கிடக்கட்டும். மாடிப்படி ஏறி வந்ததிலிருந்து உங்களுக்கு மூச்சு வாங்குகிறதே, எத்தனை நாளாக ஐயா இப்படி?