ஏழாம் நம்பர் கட்டில்

— அவ போன அன்னிக்கி காலையிலேர்ந்தே சொல்லுங்க மாப்ள. ஒண்ணும் விடாம.

— ஆறு மணிக்கு எழுந்தோம் மாமா. நான் பால் காய்ச்சினேன். அவ குளிச்சா. அப்புறம் நான் குளிச்சேன். ஆளுக்கு ரெண்டு ரொட்டி. அவ ஆபீஸ் அட்டையக் காணோம். தேடினோம். சோபாவுக்கு அடியில கிடந்துச்சு. எட்டு பத்துக்கு பஸ்.

— சண்டை ஏதாச்சும்?

— இல்ல.

— சாயங்காலம் இங்க வரலாம்னு யாரு சொன்னது?

— அவதான். புதுசா ஒரு ஹோட்டல் திறந்திருக்காங்க, மேஜைக்குப் பதிலா கட்டிலாம், படுத்துக்கிட்டே சாப்பிடலாமாம்னா.

— எம்பொண்ணாச்சே, சொல்லுவா. கேட்டீங்களா, முப்பது வருஷம் ஹாஸ்டல் வார்டனா இருந்தேன். கட்டில்ல தட்ட வச்ச பயல் ஒருத்தனையும் விட்டதில்ல. இப்ப நானே செருப்பக் கழட்டிட்டு ஏறி உக்காந்திருக்கேன்.

— முதுகுக்குத் தலையணை வச்சுக்கோங்க மாமா.

— மேல என்ன அது, கொசுவலையா?

— விளக்கு. கொசுவலைக்குள்ள பல்பு.

— கொசு பாவம், இருட்டுல தடுக்கி விழும்ல.

— வணக்கம் சார். மெனு தலையணை உறையில தச்சிருக்கு. திருப்பிப் பாருங்க.

— நீ என்னம்மா நைட்டியோட வந்து நிக்கற? உடம்பு சரியில்லையா?

— எங்க யூனிஃபார்மே இதுதான் சார்.

— நல்லாருக்கு போ. மாப்ள, அன்னிக்கி என்ன சொன்னீங்களோ அதையே சொல்லுங்க.

— காளான் சூப் ரெண்டு. சுட்ட மீன் ரெண்டு.

— சரி சார். இந்த அலாரம் கடிகாரம் உங்க கட்டிலுக்கு. உங்க சாப்பாடு தயாரானதும் அடிக்கும். தலையில அமுக்கினா நின்னுடும்.

— கேட்டீங்களா, மணியடிச்சு சோறு. எங்க ஹாஸ்டல் மாதிரியே. ...அந்தப் பொண்ணு போயிடுச்சா? இதே கட்டில்தானா மாப்ள?

— ஏழாம் நம்பர். இதேதான்.

— மெத்தைய மாத்தியிருப்பாங்க.

— தெரியல.

— இங்க எதுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னேன்னு கேக்கவே இல்லையே நீங்க. நாளைக்கு எம்பையன், பெரியவன், வண்டி எடுத்துட்டு வரான். என்னையும் என் பெட்டியையும் ஏத்திட்டுப் போக. வரலைன்னு சொல்லப் போறேன்.

— மாமா...

— 'பொண்ணே இல்லாத வீட்டுல மாப்பிள்ளை கையப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்களே, வெக்கமா இல்லையா'ங்கறான். கேக்கட்டும். அவ கடைசியா சொன்னதுக்கு முன்னாடி இவன் பேச்சு என்ன பேச்சு? 'அப்பாவ நம்மகூடவே வச்சுக்கோ.' தினம் காலையில உங்களுக்கு டீ போடறப்ப ஒரு தடவ அத எனக்குள்ளயே சொல்லிப்பேன். அவ சொன்ன இடத்துலயே உங்க வாயால ஒரு தடவ கேட்டுட்டா எனக்குத் தெம்பா இருக்கும்.

— அவ அப்படிச் சொல்லல மாமா.

— என்னது?

— ஆஸ்பத்திரி வராந்தாவுல என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு, கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னான்னு கேட்டீங்க. வாயில வந்ததச் சொன்னேன்.

— எட்டு மாசமா?

— எட்டு மாசமா.

— அப்ப நான் எதை நம்பி உங்க வீட்டுல உக்காந்திருக்கேன்?

— நீங்க இருக்கணும்னு நான் நெனச்சேன். அது பொய் இல்ல.

— பூசி மெழுகாதீங்க. இங்க என்ன நடந்துச்சு?

— படுத்தா. அந்தப் பக்கம் தலை வச்சு. உடனே தூங்கிட்டா. பக்கத்துக் கட்டில்ல சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். போட்டோ எடுத்தேன்.

— அப்புறம்?

— கடிகாரம் அடிச்சுது.

— அவ எழுந்திருக்கலையா?

— இல்ல.

— மாப்ள, அவ வார்டன் பொண்ணு. விரலச் சொடுக்கினா எழுந்து உக்காருவா.

— தெரியும் மாமா.

— தெரிஞ்சுமா?

— அசந்து தூங்கறான்னு நெனச்சேன். கடிகாரத்த அமுக்கினேன். சாப்பாடு வந்துச்சு. சாப்பிட்டேன்.

— அவ பக்கத்துல உக்காந்து.

— ஆமா. மீன் நல்லா இருந்துச்சு. அவளோடது ஆறிடக் கூடாதுன்னு மேல ஒரு தட்டப் போட்டு மூடி வச்சேன்.

— எவ்வளவு நேரம்?

— இருபது நிமிஷம். கால் மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். உங்ககிட்ட அதையும் சொல்லல. ...மாமா, கடிகாரம் அடிக்குது.

— அடிக்கட்டும்.

— எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். கைய எடுங்க அதுலேர்ந்து.

— சார், அத அமுக்கிடலாம் சார். சூப் கொண்டு வந்துட்டேன்.

— வச்சுட்டுப் போம்மா. அது அடிக்கட்டும். மாப்ள, இங்க பாருங்க. பெரியவன்கிட்ட என்ன சொல்றதுன்னு நான் பாத்துக்கறேன். படுக்கறதுக்கு முன்னாடி அவ ஏதாச்சும் சொல்லியிருப்பா. ஒரு வார்த்தை.

— சொன்னா.

— சொல்லுங்க.

— தாங்க மாட்டீங்க மாமா.

— எம்பொண்ணு சொன்னது. எனக்கு அது வேணும்.

— 'தலை என்னமோ பண்ணுதுடா. நான் தூங்கிட்டேன்னா பாவம்னு விட்டுடாத. உலுக்கி எழுப்பு.'