ஊஞ்சலுக்குப் பதில் ஊஞ்சல்

ஜகதாம்பாள்: ...அதுக்காக நாலாவது சாவையும் என் கூடத்துலயே வெச்சுக்கணுமா, தமிழ்மாறா?

தமிழ்மாறன்: சீரியல்ல மாமனாரு வேற எங்க மாமி சாவாரு? வீட்லதான சாகணும்.

ஜகதாம்பாள்: ஆஸ்பத்திரியில சாகட்டுமே. ஏழு வருஷமா உங்க 'ஊஞ்சல் வீடு' சீரியலுக்கு என் வீட்டை விட்டிருக்கேன். நீயும் புரொடக்‌ஷன் மேனேஜரா நித்தம் வந்து போறே. ஒவ்வொரு சாவுக்கும் நான் தலைக்குக் குளிச்சுண்டு நிக்கறது உன் கண்ணுல படலையா?

பஞ்சாபகேசன்: நடிப்புச் சாவுக்குத் தீட்டு இல்லேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு...

ஜகதாம்பாள்: நீங்க ரிட்டயரான கணக்கு வாத்தியார். தீட்டைப் பத்திப் பேசாதேங்கோ.

தமிழ்மாறன்: இனிமே அந்தத் தொந்தரவே இருக்காது மாமி. அதச் சொல்லத்தான் வந்தேன். சொல்லிட்டுக் கொட்டாம்பட்டி பஸ்ஸப் பிடிக்கணும், எம்மக முழிச்சிருக்கும்போதே வீட்டுக்குப் போகணும்.

பஞ்சாபகேசன்: என்னது... முதல்ல காபியைக் குடி.

தமிழ்மாறன்: சேனல்ல மீட்டிங் போட்டாக மாமா. பவதாரிணியா நடிச்ச பொண்ணு கல்யாணமாகிப் போனதுல இருந்து ரேட்டிங் படுத்திருச்சு. அடுத்து புருஷன் மாறினாரு, அதுக்கடுத்து மாமியாரு. மூணு மாசத்துல மூணு தடவ 'இவருக்குப் பதில் இவர்'னு போட்டோம்.

ஜகதாம்பாள்: நானும்தான் பார்த்தேனே. பூரிக்கட்டையோட சமையல்கட்டுக்குள்ள போன பவதாரிணி, பூரியோட வெளியே வரச்ச வேற பொண்ணா வந்தா. புருஷன் ஒரு வார்த்தை கேக்கலையே.

தமிழ்மாறன்: அடுத்த வாரம் அவரும் மாறிட்டாருல்ல. புதுசா வந்தவருக்குப் பழைய பொண்டாட்டியத் தெரியாது மாமி.

பஞ்சாபகேசன்: முதல் நாள் அந்தப் பொண்ணு வாசல்ல வந்து நின்னா. யாரைப் பார்க்கணும்னு கேட்டேன். நான்தான் பவதாரிணின்னா. பவதாரிணிக்குக் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போயாச்சேம்மான்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன்.

ஜகதாம்பாள்: அரை மணி நேரம் வெயில்ல நின்னிருக்கா, பாவம். இப்போ அவதான் உரிமையா உள்ளே வந்து மோரை எடுத்துக் குடிக்கறா. பதினஞ்சு நாள் ஊஞ்சல்ல உக்காந்ததும் எனக்கும் அவ பவதாரிணியாத்தான் தெரிஞ்சா... சரி, நீ மேலே சொல்லு.

தமிழ்மாறன்: மெட்ராஸ்ல செட்டுக்கே போயிருவோம்னு பேச்சு. போன மாசம் பத்து நாள் அங்க வச்சு எடுத்தோமுல்ல, அதே மாதிரி.

ஜகதாம்பாள்: நல்லதாப் போச்சு. இனிமே நிம்மதி.

பஞ்சாபகேசன்: நிம்மதியா... ஜகதா, நீ என்ன...

ஜகதாம்பாள்: நீங்க செத்த சும்மா இருங்கோ.

தமிழ்மாறன்: அதான், மாமி சந்தோஷப்படுவீகன்னு நெனச்சேன். எம்புட்டுத் தொந்தரவு குடுத்திருப்போம். தெனம் நாப்பது பேரு...

ஜகதாம்பாள்: நாப்பத்திரண்டு. லைட் பிடிக்கற பேயாண்டியையும் அவன் தம்பியையும் விட்டுட்டே.

தமிழ்மாறன்: நாப்பத்திரண்டுதான். மன்னிச்சுக்கங்க.

ஜகதாம்பாள்: ஆமா, அந்தச் செட்டு நன்னா இருந்ததா என்ன?

தமிழ்மாறன்: அச்சு அசல் இந்தக் கூடம்தான் மாமி. அதே தூணு, அதே ஊஞ்சலு.

ஜகதாம்பாள்: எது அதே ஊஞ்சல்? சத்தமே வரலை. எங்காத்து ஊஞ்சல், பவதாரிணி அழுதா கூடச் சேர்ந்து கிறீச்சுன்னு அழும்.

தமிழ்மாறன்: சவுண்ட்காரர் அதுக்குத்தான் எண்ணெய் விடச் சொல்லித் தலபாடா அடிச்சுக்கிட்டாரு.

ஜகதாம்பாள்: விடலை. விடவும் மாட்டேன்.

தமிழ்மாறன்: சரி மாமி... இப்பவும் ஒரு வழி இருக்கு. இந்த நாலாவது சாவுக்கு மட்டும் நீங்க சரின்னா, நான் போய்ப் பேசிப் பாக்குறேன். கட்டாயமில்ல.

ஜகதாம்பாள்: எனக்கும் கட்டாயமில்லை. ஆஸ்பத்திரியில சாகட்டும். படத்தை மட்டும் கூடத்துல மாட்டிக்கோ.

தமிழ்மாறன்: உயிர் ஆஸ்பத்திரியில போகட்டும். பொணத்த ஒரு சீனுக்கு மட்டும் கூடத்துல...

ஜகதாம்பாள்: வாசல்ல.

தமிழ்மாறன்: ...சரி, வாசல்ல.

ஜகதாம்பாள்: படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போடப்படாது, சம்பங்கிதான். மறுநாளே கழட்டிடணும். தாத்தாவா நடிச்சு முதல்ல செத்தாரே, அவர் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை குடுக்க வந்துட்டு, மாலை போட்ட தன் படத்துக்குக் கீழேயே உக்காந்து காபி குடிச்சார். எனக்கு உடம்பே கூசிப்போச்சு.

தமிழ்மாறன்: சம்பங்கியே போட்டுருவோம். மறுநா கழட்டிருவோம். முடிஞ்சதா?

ஜகதாம்பாள்: முடிஞ்சது. போய்ப் பேசிப் பாரு.

தமிழ்மாறன்: பேசியாச்சு மாமி. செட்டுல எடுத்த பத்து நாளும் ரேட்டிங் இன்னும் கீழ போயிருச்சு. இங்க திரும்பி வந்ததும் ஏறுது. வீடு மாறலைன்னு நேத்தே முடிவாயிருச்சு.

பஞ்சாபகேசன்: அப்புறம் ஏண்டா இவ்வளவு நாழி எங்களைத் தவிக்க விட்டே?

தமிழ்மாறன்: எடுத்ததுமே சொல்லியிருந்தா மாமி பொணத்த வாசலுக்காச்சும் விட்டிருப்பாகளா?

ஜகதாம்பாள்: படவா... எப்படி முடிவு பண்ணினா? ரேட்டிங் ஏறினதை வெச்சா?

தமிழ்மாறன்: அது பாதி. மிச்சப் பாதி, சேனலுக்கு வந்த தபால் கார்டு. நாப்பத்தோரு கார்டு மாமி. தேனி, தென்காசி, கும்பகோணம்னு ஊர் ஊரா. ஆள் மாறினா சகிச்சுக்குவோம், ஊஞ்சல மாத்தினா டிவியவே போட மாட்டோம்னு. புரொடியூசருக்குக் கண்ணு கலங்கிருச்சு.

ஜகதாம்பாள்: பரவாயில்லையே. ஜனங்களுக்கு இன்னும் ரசனை இருக்கு.

தமிழ்மாறன்: நாப்பத்தோரு கார்டுலயும் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவியிருந்துச்சு.

பஞ்சாபகேசன்: மங்களமா இருக்கட்டும்னு தடவியிருப்பா.

தமிழ்மாறன்: இருக்கும் மாமா. ஆனா தென்காசிக்காரரு, தேனிக்காரரு, கும்பகோணத்துக்காரரு அம்புட்டுப் பேரும் பஸ் ஏறி வந்து, ஒரே நாள்ல நம்ம ஒத்தக்கடை பெட்டியிலயே போட்டிருக்காக. எல்லாத்துலயும் ஒத்தக்கடை முத்திரை.

ஜகதாம்பாள்: ...அப்பவே சொன்னேன், பாதியைக் கொண்டுபோய் ஆரப்பாளையத்துல போட்டுட்டு வாங்கோன்னு.

பஞ்சாபகேசன்: வெயிலா இருந்தது ஜகதா.

ஜகதாம்பாள்: ஏம்ப்பா... மீட்டிங்ல அந்த முத்திரையை யாருமே பார்க்கலையா?

தமிழ்மாறன்: கார்டு அம்புட்டையும் நான்தான் மாமி கையில வச்சு வாசிச்சேன், முத்திரை மேல கட்டைவிரல அழுத்திக்கிட்டு. பத்து நாள் மெட்ராஸ்ல இருந்துட்டு வீட்டுக்குப் போனதுக்கே, எம்மக கதவப் பாதி சாத்திக்கிட்டு, யாரைப் பாக்கணும்னு எங்கிட்டயே கேட்டுச்சு.